காடு பார்த்த வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி (வாசகி, மேடவாக்கம்): நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டி எழும்பும் அடுக்ககம் ஒன்றில் வீடு பார்த்து வைத்திருக்கிறோம். காட்டைப் பார்த்த வீடுகளுக்கு ‘ஃபாரஸ்ட் வியூ’ என்று சொல்லி, சதுர அடிக்குத் தனியாக ஒரு தொகை கேட்கிறார்கள். கொடுப்பது சரியா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். மரங்களின் அழகுக்காக என்றால் அது வீண் செலவு. உங்கள் வரவேற்பறைக்கு நேர் எதிரே நாளை இன்னொரு பத்து மாடிக் கட்டடம் எழும்பாது என்ற உறுதிக்காக என்றால், அந்தத் தொகையில் நியாயம் இருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் வெளிச்சத்தையும் காற்றையும் நம்பி வீடு வாங்கிய பலர், பக்கத்துக் காலிமனையில் கட்டுமானம் தொடங்கிய நாளிலேயே இரண்டையும் இழந்திருக்கிறார்கள். காப்புக்காடு அப்படிக் கைமாறுகிற நிலம் அன்று.

பூங்காவை ஒட்டிய மனைக்கு விலை கூடும் என்பதை நம் ஊர் விற்பனைப் பிரதிநிதிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் 1847இல் திறக்கப்பட்ட பொதுப்பூங்காவுக்காக நிலம் வாங்கியபோதே, அதில் ஒரு பகுதியைப் பூங்காவைச் சுற்றிய வீட்டு மனைகளாக விற்று, அந்த வரவைக் கொண்டு செலவை ஈடுகட்டத் திட்டமிட்டார்கள். ஆனால் அது எல்லாரும் உள்ளே போய் உலாவும் பூங்கா. நன்மங்கலம் அப்படியில்லை. ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் காலை நடைக்குப் போக முடியாது. மேலும் அது ஓங்கி வளர்ந்த மரங்களின் காடும் அன்று. பாறைக் குன்றுகளும் முட்புதர்களும் பழைய கல்குவாரிப் பள்ளங்களும் நிறைந்த புதர்க்காடு. கொம்பன் ஆந்தை அங்கே இருப்பதற்குக் காரணமே அந்தப் பாறைகள்தாம். கோடையில் அது பெரும்பாலும் பழுப்பாகவே தெரியும். விளம்பரத் தாளில் நீங்கள் பார்த்த அடர்பச்சை, அநேகமாக வேறு ஏதோ மலைப்பிரதேசத்தில் எடுத்த படமாக இருக்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். அடுக்ககத்தின் மதிலுக்கும் காட்டின் எல்லைக் கல்லுக்கும் நடுவே வேறொருவரின் பட்டா நிலம் ஒரு துண்டாவது கிடக்கிறதா என்பதைப் புல வரைபடத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, வைத்துக்கொண்டு நேரில் நடந்து பாருங்கள். அப்படி ஒரு துண்டு இருந்து, அதில் கருவேலம் மண்டிக் கிடந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் காடாகவே தோன்றும். அதன் உரிமையாளர் அங்கே கட்டத் தொடங்கினால், நீங்கள் கூடுதல் விலை கொடுத்த காட்சி அவருடைய பின்சுவராக மாறிவிடும்.

கேள்வி (வாசகர், வேளச்சேரி): கிண்டி தேசியப் பூங்காவுக்கு ஒரு பக்கம் அடையாறு காந்தி நகர், இன்னொரு பக்கம் எங்கள் வேளச்சேரி. காடு ஒன்றுதான் என்றாலும் மதிப்பில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

பதில்: காடு ஒன்றுதான், ஆனால் நிலத்தின் தாழ்வும் மேடும் ஒன்றல்ல. கிண்டியில் இப்போது தேசியப் பூங்காவாக இருப்பது ஏறத்தாழ 270 ஹெக்டேர். ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்திருந்த பெருங்காட்டிலிருந்து ஐ.ஐ.டி.க்கும் நினைவிடங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது போக எஞ்சிய பகுதி இது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தக் காட்டின் குளிர்ச்சியும் அமைதியும் அதன் மதிலை ஒட்டிய சில தெருக்களுக்கே முழுதாகக் கிடைக்கும்; அதற்கு அப்பால் வாகன இரைச்சலும் கான்கிரீட்டின் வெம்மையும் அதை விழுங்கிவிடும். எனவே, ‘கிண்டி வனத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்ற விளம்பரத்தில் வீடு வாங்குபவருக்குப் பயன்படும் செய்தி எதுவும் இல்லை.

காந்தி நகரின் மதிப்பில் காட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு அதன் தெருக்களுக்கு. கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக முன்கூட்டியே வரைபடம் போட்டு, அகலமான சாலைகளும் வீட்டைச் சுற்றித் தோட்டமும் வைத்து உருவான குடியிருப்பு அது. தெருவுக்குத் தெரு நிழல் இருப்பதால், காட்டின் தொடர்ச்சி குடியிருப்புக்குள்ளும் வந்துவிடுகிறது. வேளச்சேரி ஏரியையும் வயலையும் நம்பியிருந்த ஊர். ஏரி சுருங்கி, வரத்துக் கால்வாய்கள் அடைபட்ட பிறகு, தாழ்ந்த தெருக்களில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்றதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய தெருவில், வீடு வாங்க வருபவர் மதிலுக்கு அப்பால் புள்ளிமான் மேய்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால், நான் காட்டைவிடக் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தையே கவனிக்கச் சொல்வேன். 2024இல் அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கவும், வெள்ள நீரைத் தேக்கக் குளங்கள் வெட்டவும் முற்பட்டது. அந்தக் குளங்கள் சரியாகச் செயல்பட்டால் உங்கள் பகுதியின் மதிப்புக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கேள்வி (வாசகர், துரைப்பாக்கம்): பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு ராம்சார் தகுதி கிடைத்ததால் சுற்றுப்புற மனைகளுக்கு மதிப்பு உயரும் என்கிறார் எங்கள் தரகர். உண்மையா?

பதில்: தரகர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ராம்சார் என்பது முக்கியமான ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்புக்கு அந்தத் தகுதி கிடைத்தது. அதன் பொருள், உங்கள் மொட்டை மாடியிலிருந்து பூநாரை தெரியும் என்பது மட்டும் அன்று. அந்த நிலத்தைச் சுற்றிலும் கட்டுப்பாடு வரும் என்பதும்தான். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்புநிலத்தின் தாக்க எல்லை, அதாவது அதைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி, அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை, ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதி வழங்கக் கூடாது என்று இடைக்காலமாக உத்தரவிட்டது. ஏற்கெனவே முறையாகக் கட்டி முடித்த வீட்டில் குடியிருப்பவருக்கு இது நன்மை. கண்ணெதிரே கட்டடக் காடு பெருகாது. காலிமனை வாங்கிப் போட்டு ஐந்து ஆண்டு கழித்துக் கட்டலாம் என்று நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி. இருவருக்கும் ஒரே ஆலோசனை சொல்பவரை நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பெருங்குடி குப்பைக் கிடங்கும் இதே சதுப்பின் ஓரத்தில்தான் இருக்கிறது. மாலையில் காற்றடிக்கும் நேரத்தில் ஒரு முறையும், அடைமழை பெய்யும் வாரத்தில் ஒரு முறையும் போய் நின்றுவிட்டு முடிவெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனை காட்டுவது தரகர்களின் வழக்கம்.

கேள்வி (வாசகி, சைதாப்பேட்டை): நாங்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். பூங்கா வந்தால் ஊர் அழகாகும் என்கிறார்கள். எங்களுக்கோ வாடகை ஏறிவிடும் என்ற கவலை.

பதில்: நியாயமான கவலைதான். நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில் பாதையில் 2009இல் திறந்த ஹைலைன் பூங்காவைச் சுற்றி வீட்டு விலையும் வாடகையும் ஏறியது உலகறிந்த செய்தி. நம் நகரத்தில் வேறொரு விதமாகவும் நடக்கிறது. அடையாறு, கூவம் கரைகளைச் சீரமைக்கும்போது அங்கே குடியிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவோ சதுப்பை ஒட்டித் தாழ்ந்து, மழைக்காலத்தில் தண்ணீர் சூழும் இடம். கரை பசுமையானது, அதன் பலன் கரையில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்காகப் பூங்காவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கோட்டூர்புரத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் அருகே குப்பை கொட்டிக் கிடந்த ஆற்றோர நிலத்தை, ‘நிழல்’ அமைப்பு 2006 முதல் நாட்டு மரங்களை நட்டுச் சிறு வனமாக்கியது. சைதாப்பேட்டைக்கும் அப்படிப்பட்ட சிறு சிறு இடங்கள் பல கிடைத்தால், ஒரே பெரிய பூங்காவின் ஓரத்தில் மட்டும் விலை குவிவது குறையும் என்பது என் கருத்து.

கேள்வி (வாசகர், தாம்பரம்): எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். நாங்கள் எங்கே போவது?

பதில்: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பத்திரம் பதிவாகியிருந்தால் வேலி போட்டவருக்கு அங்கே உரிமை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலுடன், அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, மாநகராட்சி ஆணையருக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.