கேள்வி – பதில்: டாய் ஹாலரும் டங் வெயிட்டும்

பின்பகுதியில் பைக், ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) போன்றவற்றை ஏற்றிச் செல்ல கராஜ் உள்ள முகாம் ட்ரெய்லர்தான் டாய் ஹாலர். அதன் முன்முனை, பிக்கப்பின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் உருண்டையான ஹிட்ச் பாலை எவ்வளவு எடையோடு கீழே அழுத்துகிறது என்பதே டங் வெயிட். இது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: எங்கள் ட்ரெய்லரின் காலி எடை 7,000 பவுண்டு, டங் வெயிட் 1,050 பவுண்டு. 15 சதவீதம் சரியாக இருக்கிறது. ஆனாலும் 1,500 பவுண்டு சைடு-பை-சைடு வண்டியை (அருகருகே உட்கார்ந்து போகும், ஏடிவி போன்ற வண்டி) ஏற்றியதும் 55 மைல் வேகத்திலேயே வாலாட்டுகிறது. ஏன்?

அந்த 15 சதவீதம் காலி ட்ரெய்லரின் கணக்கு. நீங்கள் ஓட்டுவது காலி ட்ரெய்லரை அல்லவே! பின்னால் வண்டி ஏறும் என்று தெரிந்துதான் டாய் ஹாலரை முன்பக்கம் கனமாகக் கட்டுகிறார்கள். கராஜ் நிரம்பியதும் அந்தக் கனம் கரைந்துவிடும். எவ்வளவு கரைகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். ஏற்றும் பொருளின் எடையை, ட்ரெய்லர் அச்சுகளின் நடுப்புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். வந்ததை, ஹிட்ச் பாலிலிருந்து அதே நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தால் வகுங்கள். பொருள் அச்சுக்குப் பின்னால் இருந்தால் விடையை டங் வெயிட்டிலிருந்து கழிக்க வேண்டும், முன்னால் இருந்தால் கூட்ட வேண்டும்.

பாலிலிருந்து அச்சு நடுப்புள்ளி 20 அடி, உங்கள் வண்டியின் எடைமையம் அச்சுக்கு 6 அடி பின்னால் என்று வைத்துக்கொள்வோம். 1,500 × 6 ÷ 20 = 450 பவுண்டு குறைகிறது. மிச்சம் 600. மொத்த எடையோ 8,500 ஆகிவிட்டது. ஆக, டங் வெயிட் வெறும் 7 சதவீதம். பாலில் மாட்டும் ட்ரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் வேண்டும். 10-க்குக் கீழே போனால் எடைமையம் அச்சுக்கு மிக அருகே வந்துவிடும். பக்கக் காற்றோ, கடந்துபோகும் லாரியோ வாலை ஒருமுறை தள்ளினால், அதை நேர்க்கோட்டுக்கு இழுத்துவரும் விசை போதாது. வேகம் கூடக் கூட ஆட்டம் அடங்காமல் வளரும்.

முதலில் செய்ய வேண்டியது, வண்டியை முன்னே நகர்த்துவது. 2 அடி நகர்த்தினால் 150 பவுண்டு திரும்பக் கிடைக்கும். இடமில்லை என்றால் திருப்பி ஏற்றிப் பாருங்கள். பல சைடு-பை-சைடு வண்டிகளில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கை முன்னே விட்டு ஏற்றினால் அந்தக் கனம் சாய்தளக் கதவுப் பக்கம் போய்விடும். எடைமையம் வண்டியின் நடுவிலிருந்து ஓர் அடி பின்தள்ளி இருந்தால், ரிவர்ஸில் ஏற்றுவதாலேயே அது 2 அடி முன்னேறுகிறது. ஒரு பைசா செலவில்லாத வேலை இது.

இப்போது 750 ஆயிற்று. அச்சுக்கு 4 அடி முன்னால் இருக்கும் 60 கேலன் டாங்கில் நல்ல தண்ணீர் நிரப்பினால், 500 பவுண்டு எடை 100-ஐக் கூட்டும். அச்சுக்கு 16 அடி முன்னால் உள்ள பெட்டியில் 150 பவுண்டு சாமான் வைத்தால் மேலும் 120. மொத்தம் 970, ட்ரெய்லர் எடை 9,150, அதாவது 10.6 சதவீதம். ஓட்டலாம்.

வண்டியை நகர்த்தாமல் முன்பெட்டியில் மட்டும் கனத்தை அடைத்துச் சரிக்கட்டுவது எங்களுக்கு உடன்பாடில்லை. சதவீதம் என்னவோ சரியாக வரும். ஆனால் இரண்டு முனைகளிலும் கனம் இருக்கும் ட்ரெய்லர் ஒருமுறை ஆடத் தொடங்கினால் லேசில் நிற்காது. கனம் அச்சுப் பக்கம் திரளட்டும்.

கே: டங் வெயிட்டை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். அதற்கென்று விற்கும் ஹைட்ராலிக் அளவி இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் ஆள் எடை பார்க்கும் குளியலறைத் தராசு போதும். முன்பக்கத்தை நேரடியாக அதன் மேல் இறக்காதீர்கள், உடைந்துவிடும். 4-க்கு 6 அங்குல உறுதியான கட்டையை, அகலம் குறைந்த பக்கம் தரையை நோக்க நிமிர்த்தி வையுங்கள். ஒரு முனை செங்கல்லில், மறுமுனை தராசில். இரண்டுக்கும் மேலே ஆளுக்கொரு குழாய்த்துண்டு வைத்து, கட்டை அதன்மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் தூரம் துல்லியமாக இருக்கும். செங்கல் பக்கக் குழாயிலிருந்து 1 அடி, தராசுப் பக்கக் குழாயிலிருந்து 4 அடி தள்ளி ட்ரெய்லரின் முன்முனையை இறக்குங்கள். கட்டையின் எடை மட்டும் இருக்கும்போது காட்டியதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 5-ஆல் பெருக்கினால் விடை. 970 பவுண்டு இருந்தால் தராசு 194 காட்டும்.

அளக்கும் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தரை சமமாக இருக்கட்டும். கப்ளர் (ட்ரெய்லர் முன்முனையில் பாலைக் கவ்விக்கொள்ளும் பகுதி), ஓட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இருக்க வேண்டும். மூக்கு தூக்கிக்கொண்டிருந்தால் அளவு குறைவாகக் காட்டும்.

பயணத்துக்கு முழுதும் ஏற்றிய பிறகு ஒருமுறை லாரி எடைமேடைக்குப் போவதுதான் உறுதி. ஆட்களையும் பெட்ரோலையும் மாற்றாமல் இரண்டு எடை எடுங்கள். முதலில் ட்ரெய்லரை மாட்டி, ஸ்ப்ரிங் பார்களை (அடுத்த பதிலில் வரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சில் சுமையைப் பகிரும் கம்பிகள்) கழற்றிவிட்டு. பிறகு பிக்கப் தனியாக. முதல் எடையில் பிக்கப்பின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 8,470, தனியாக 7,500 என்றால் டங் வெயிட் 970. பார்களை மாட்டி மூன்றாவதாக ஒன்று எடுத்தால், முன் அச்சுக்கு எவ்வளவு திரும்புகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கே: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

தீராது. பிக்கப்பின் பின் அச்சில் குவியும் சுமையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் தள்ளுவதுதான் அந்த ஸ்ப்ரிங் பார்களின் வேலை. ட்ரெய்லரின் எடைமையத்தை அவை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது. 7 சதவீத ட்ரெய்லர் 7 சதவீதமாகவே இருக்கும். ஆட்டத்தை அடக்கும் உராய்வு உள்ள வகை என்றால், கோளாறு கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

டாய் ஹாலர்காரர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. கராஜ் நிரம்பியிருக்கும்போது அளந்து, 600 பவுண்டுக்கான பார்களை வாங்கிவிடுவார்கள். மறுமுறை கராஜ் காலியாகக் கிளம்பும்போது 1,050 பவுண்டு வந்து உட்காரும், பார்கள் திணறும். எந்த நிலையில் டங் வெயிட் அதிகமோ அதற்கு ஏற்ற பார்களை வாங்கிக்கொண்டு, சுமை மாறும்போது பார்களை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியின் கண்ணியை மாற்றி இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

கே: போகும்போது ஒழுங்காக வந்த ட்ரெய்லர், திரும்பும்போது ஆடுகிறது. வண்டியை அதே இடத்தில்தான் கட்டினோம்.

டாங்குகளைப் பாருங்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. அச்சுக்கு முன்னால் இருந்த நல்ல தண்ணீரைச் செலவழித்தாயிற்று. கழிவுநீர் டாங்க் அச்சுக்குப் பின்னால் இருந்தால், அந்த எடை அப்படியே பின்னுக்குப் போயிருக்கும். 40 கேலன், அதாவது சுமார் 330 பவுண்டு, முன் 4 அடியிலிருந்து பின் 4 அடிக்கு மாறினால் டங் வெயிட் 130 பவுண்டு விழும். கிளம்பும் முன் கழிவுநீரை அதற்கான இடத்தில் வடித்துவிடுங்கள். நல்ல தண்ணீர் டாங்க் கராஜுக்கு அடியில் உள்ள ட்ரெய்லர்களும் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் நிரப்பினால் டங் வெயிட் குறையும். உங்கள் டாங்க் எங்கே என்று கீழே குனிந்து, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கே: பிக்கப் 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. 9,150 பவுண்டு ட்ரெய்லருக்கு அது போதாதா?

இழுப்பதில் சிக்கல் வராமல் இருக்கலாம், சுமப்பதில் வரும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்று அதில் இருக்கும். டங் வெயிட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். ஸ்டிக்கர் 1,500 என்றால்: நான்கு பேர் 600, டங் வெயிட் 970, ஹிட்ச் 100. ஆக 1,670. இன்னும் பெட்டி படுக்கை ஏறவே இல்லை. ரிசீவரின் (பிக்கப்பின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாய்) லேபிளையும் பாருங்கள். ஸ்ப்ரிங் பாரோடு ஓர் அளவு, இல்லாமல் அதைவிடக் குறைந்த அளவு போட்டிருப்பார்கள். பால், அதைத் தாங்கும் பால் மவுண்ட் இவற்றின் அளவுகளையும் சேர்த்துப் பார்த்தால், எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

கே: ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால்?

பிக்கப் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகம் கூட்டியும் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக் கண்ட்ரோலரில் (பிக்கப்பிலிருந்தே ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) உள்ள கைநெம்பை மெல்ல அழுத்துங்கள். ட்ரெய்லர் பிரேக் மட்டும் பிடித்து, அது பின்னோக்கி இழுபட்டு நேராகும். இந்த நெம்பு எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே கைக்கு எட்ட வேண்டும், வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றதும் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, சுமையை மாற்றி வைத்த பிறகே கிளம்புங்கள்.

கே: பிக்கப்பிலிருந்து கழற்றிவிட்டு கராஜில் வண்டி ஏற்றலாமா?

கூடாது. வண்டி சாய்தளத்தில் ஏறும் அந்த நேரத்தில் கனம் முழுவதும் அச்சுக்கு வெகு பின்னால் இருக்கும். முன்பக்க ஜாக் தரையை விட்டு எழும்பி, மூக்கு மேலே போய்விடும். மாட்டியிருக்கும்போதே ஏற்றுங்கள், இறக்குங்கள். வண்டி உள்ளே இருக்கும்போது கழற்ற நேர்ந்தால், பின்பக்க நிலைநிறுத்தி ஜாக்குகளை இறக்கிய பிறகே கப்ளர் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும்போது உங்கள் முகம் கப்ளருக்கு நேர் மேலே இருக்க வேண்டாம்.