ரத்தப் பரிசோதனை சொல்லாததை எப்படி அளப்பது?

பதில் சொல்பவர்: மதுரையில் இயன்முறை சிகிச்சை அளிப்பவர்

கேள்வி (செல்லூர்): ஐயா, அம்மாவுக்கு முடக்குவாதம். ரத்தப் பரிசோதனை நன்றாகவே வந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் 20 கேள்விகள் கொண்ட தாளை நிரப்பச் சொல்கிறார்கள். எதற்கு?

பதில்: ரத்தம் உடலின் அழற்சியைச் சொல்லும். அம்மாவால் குழாயைத் திறக்க முடிகிறதா என்று சொல்லாது. அதைத்தான் அந்தத் தாள் கேட்கிறது. உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது என்று எட்டு வகைகள். 0 என்றால் சிரமமில்லை, 3 என்றால் முடியவே இல்லை. கடந்த ஒரு வாரத்தை மட்டும் நினைத்துச் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. சேலைக் கொசுவத்தை மருமகள் மடித்துச் செருகிவிடுவார். அம்மா ‘சிரமமில்லை’ என்பார். அடுத்தவர் உதவி தேவைப்பட்டால் அந்த வகைக்குக் குறைந்தது 2 போட வேண்டும் என்பதே முறை. மறைத்தால், மருந்து போதவில்லை என்பது மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடும். தயவுசெய்து நீங்களாக நிரப்பாதீர்கள். வாசித்துக் காட்டுங்கள்; பதில் அம்மாவுடையதாக இருக்கட்டும்.

கேள்வி (மேலூர்): அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஆறு நிமிட நடைச் சோதனையில் நடுவில் நின்றுவிட்டார். தோல்வியா?

பதில்: இல்லவே இல்லை. நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. மொத்தம் நடந்த தூரம்தான் கணக்கு. துணைக்கென்று நீங்கள் கூடவே நடக்காதீர்கள், உங்கள் வேகத்துக்கு அவர் இழுபடுவார். அடுத்த முறை சுமார் 30 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம்.

கேள்வி (உசிலம்பட்டி): வீட்டிலேயே அளக்க எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். எப்போதும் அதே நாற்காலி, அதே வேளை. பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

கேள்வி (திருமங்கலம்): கணவருக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு ஆகிறது. பார்தெல் அளவுகோலில் 100க்கு 100 போட்டிருக்கிறார்கள். ஆனால் தனியாகக் கடைக்குப் போக முடியவில்லை. மதிப்பெண் தவறா?

பதில்: தவறில்லை அம்மா. குளியல், உணவு, கழிப்பறை, மாடிப்படி என்று பத்துக் காரியங்களை மட்டுமே அது பார்க்கிறது. 100 வாங்கியவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று பொருளில்லை. சமைக்கவும் வெளியாட்களோடு பழகவும் முடியாமல் இருக்கலாம் என்று, 1965இல் அதை வெளியிட்ட மஹோனியும் பார்தெலுமே எழுதியிருக்கிறார்கள். டவுன் பஸ்ஸின் உயரமான படியும், சம்மணமிட்டு உட்கார்வதும் அதில் இல்லை. நான் அவற்றைத் தனியாகக் குறித்துவைப்பேன். அடுத்த முறை போகும்போது, அவர் தடுமாறுவது பஸ்ஸில் ஏறும்போதா இறங்கும்போதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு.