நான் அனுப்பிய படங்களுக்கு அக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை

கேள்வி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 61. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவருடன் தஞ்சாவூரில் இருக்கிறேன். ஒரே மகள், நெதர்லாந்தில் தி ஹேக் நகரில் வேலை பார்க்கிறாள். மருமகனுக்கும் அங்கேதான் வேலை. பேரனுக்கு நான்கு வயது. போன ஏப்ரலில் நானும் கணவரும் அங்கே போயிருந்தோம். ஷெங்கன் விசாவில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். ஏறக்குறைய அதை முழுவதும் பயன்படுத்திக்கொண்டோம். வெளிநாடு என்று நான் போனது அதுவே முதல் முறை.

பார்த்ததையெல்லாம் நம் மனிதர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில், பேரனைத் தூங்கவைத்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் அன்றைய படங்களைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுவேன். கியூகென்ஹாஃப் தோட்டத்து டியூலிப் பூக்கள், கிண்டர்டைக் காற்றாலைகள், அரசர் பிறந்த நாளில் ஊரே ஆரஞ்சு நிறத்தில் உடுத்திக்கொண்டு தெருவுக்கு வந்தது என்று எதையும் விடவில்லை. ஆரம்பத்தில் ஆளாளுக்குப் பூங்கொத்தும் கைகூப்பும் அனுப்பினார்கள். போகப்போக அதுவும் நின்றுவிட்டது.

மற்றவர்களை விடுங்கள். நாகப்பட்டினத்தில் இருக்கும் என் அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா இறந்த பிறகு தன் வளையலை அடகு வைத்து என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியவள். அவள் ஒரு படத்துக்குக்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்க்காமலும் இல்லை. யார் பார்த்தார்கள் என்று தொட்டுப் பார்த்தால், போட்ட சில நிமிடங்களிலேயே அவள் பெயர்தான் முதலில் இருக்கும். ஊர் திரும்பியதும் சீஸ், சாக்லேட் எல்லாம் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். "அங்கே குளிராமே?" என்றாள். நான் சொல்லத் தொடங்கியதும் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அம்மா அவளிடம்தான் இருக்கிறார். நான் ஊரில் இல்லாததால் என் முறையையும் சேர்த்து அவளே பார்த்துக்கொண்டாள். பகலில் வந்துபோகும் உதவிப் பெண்ணின் சம்பளத்தை நான் தவறாமல் அனுப்பிவிட்டேன். "பொறாமை, வேறென்ன?" என்கிறார் என் கணவர். என்னை ஆளாக்கியவளைப் பற்றி அப்படி நினைக்க மனம் வரவில்லை. ஆனால் வேறு காரணமும் தெரியவில்லை.

மகள் விஷயம் வேறு. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அங்கும் ஒரு நோட்டு நிறைய எழுதினேன். பழைய வீடுகளின் முகட்டில் கொக்கியோடு ஓர் உத்தரம் தெருப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். மாடிப்படி குறுகலாக இருப்பதால் கட்டிலையும் பீரோவையும் கயிறு கட்டி வெளிப்பக்கமாகத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே இழுப்பார்களாம், நம் கிணற்று உருளை போல. இப்படிப் பார்த்ததெல்லாம் நோட்டில் இருக்கிறது. லைடன் ஊரில் பல்கலைக்கழகத்தைக் கடந்தபோது, நாகப்பட்டினத்தை அடுத்த ஆனைமங்கலத்தின் செப்பேடுகள் இங்கே அல்லவா வந்து சேர்ந்தன என்று நினைத்துக்கொண்டதை அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அங்கே படம் எடுக்கவில்லை. வெறும் கட்டடத்தைக் குழுவில் போட்டு என்ன ஆகப்போகிறது?

அதே நோட்டில் மகள் வீட்டைப் பற்றியும் எழுதினேன். ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடுவது, குழந்தையைத் தனி அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்துவது, மகளும் மருமகனும் சில நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது, "இந்தச் சமையலறையில் நான் விருந்தாளி" என்று தோன்றியது, எல்லாம். ஒரு நாள் மேசையில் கிடந்த நோட்டை மகள் படித்துவிட்டாள். "இதெல்லாம் எதற்கம்மா எழுதுகிறாய்?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரமே, குழந்தையின் படத்தைக் குழுவில் போட வேண்டாம் என்றும் சொன்னாள். அன்றிலிருந்து பேச்சு அளவோடுதான் இருக்கிறது.

கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருக்கும், கணவருடைய சகோதரியின் மகன் என் குறிப்புகளைப் படங்களோடு சிறு புத்தகமாக்கித் தருவதாகச் சொல்கிறான். வரப்போகும் எங்கள் திருமண நாளுக்கு உறவினர்களுக்குக் கொடுக்கலாம் என்பது கணவரின் யோசனை. கொடுக்கலாமா? அல்லது இனி எதையும் யாரோடும் பகிராமல் இருப்பதுதான் நல்லதா?

- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கணவரின் தீர்ப்பை முதலில் ஒதுக்கிவைப்போம். பொறாமை என்று சொல்லிவிடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குற்றம் முழுவதும் எதிராளியின் கணக்கில் போய்விடும், நாம் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. உங்கள் மனம் அதை ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தை நான் நம்புகிறேன்.

குழுவில் இருக்கும் மற்றவர்களைப் பற்றி எழுதிவிட்டு அக்காவிடம் வருகிறேன். கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2014இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிறு குழுக்களில் ஒருவருக்கு மட்டும் சிறப்பான வீடியோவையும் மற்றவர்களுக்குச் சுமாரான ஒன்றையும் காட்டி, பிறகு எல்லோரையும் சேர்ந்து பேசவிட்டார்கள். பேச்சு முடிந்தபோது மனம் வாடி இருந்தவர் சிறப்பானதைப் பார்த்தவர்தான். மற்றவர்களுக்குப் பேசிக்கொள்ளப் பொதுவான விஷயம் இருந்தது, அவருக்கு இல்லை. அதே மூவர் 2017இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வின்படி, கேட்பவர் அறியாத புதியதைச் சொன்னால் அவர் ரசிப்பார் என்று பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். கேட்பவர்களோ தாங்களும் பார்த்த ஒன்றைப் பற்றிக் கேட்கவே அதிகம் விரும்புகிறார்கள். தெரியாத ஒன்றைப் பற்றிய பேச்சில் இடைவெளிகள் அதிகம். அவற்றை நிரப்பிக்கொள்ளக் கேட்பவரிடம் எதுவும் இல்லை.

டியூலிப் வரிசைக்கு நடுவே நின்ற உங்களுக்கு அந்தப் படம் குளிர்காற்றையும், கையை உதறிக்கொண்டு ஓடிய பேரனையும் திருப்பிக் கொண்டுவரும். குழுவில் இருக்கும் ஓர் உறவினருக்கு அது ஒரு பூ. அடுத்த படமும் பூ. கியூகென்ஹாஃபில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகள் நடுகிறார்கள் என்பதை நினைத்தால், அவர் கைகூப்பு அனுப்பியே ஓய்ந்திருப்பார். அவர்களுடைய மௌனத்தில் பகை எதுவும் இல்லை. அதை நீங்கள் மனத்திலிருந்து இறக்கிவைத்துவிடலாம்.

அக்காவின் மௌனம் இந்த வகை இல்லை.

உங்கள் கடிதத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். காற்றாலைக்கு இடம் இருக்கிறது, வீட்டு முகட்டின் கொக்கிக்கு நிறையவே இடம் இருக்கிறது. அம்மா சாக்லேட்டுக்கும் பொறாமைக்கும் நடுவில், வந்த வேகத்தில் போய்விடுகிறார். அவருடைய வயது என்ன, எழுந்து நடக்கிறாரா, படுக்கையிலா, எதுவும் இல்லை. என் முறை என்ற சொல் இருக்கிறது. அந்த முறை பல வாரங்களுக்கு அக்காமீது ஏறியது. உதவிப் பெண்ணின் சம்பளத்தை நீங்கள் தவறாமல் அனுப்பியது உண்மைதான். ஆனால் அவர் பகலில் வந்து போகிறவர்.

ஒரு சிறு கணக்கு. கோடைகால நேரத்தில் நெதர்லாந்தைவிட நம் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். நீங்கள் இரவு ஒன்பதுக்குப் படம் போடும்போது நாகப்பட்டினத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. சில நிமிடங்களிலேயே அக்கா பார்த்துவிடுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 68 வயதுப் பெண்மணி அந்த நேரத்தில் ஏன் விழித்திருந்தார்? இரவு இரவாக ஏன் அவர் பெயரே முதலில் வந்தது? என்னால் ஊகிக்கத்தான் முடியும். உங்களால் கேட்க முடியும். அவர் எழுதவில்லை என்பதைக் கவனித்த நீங்கள், அவர் தூங்கவில்லை என்பதைக் கேட்டிருக்கிறீர்களா?

நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், குழுவில் வேண்டவே வேண்டாம். "அம்மாவுக்கு ராத்திரியில் எப்படி இருந்தது, நீ எப்படிச் சமாளித்தாய்?" என்று தொடங்குங்கள். அவர் சொல்லும்போது இடையில் "நானும் அங்கே கவலையாகத்தான் இருந்தேன்" என்று உங்கள் பக்கத்தைக் கொண்டுவராதீர்கள். ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் கடினம், ஆனாலும் முயலுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் அடுப்படிக்குப் போனால் நீங்களும் கூடவே போங்கள். உங்களை ஆளாக்கிய அக்காவுக்கு உங்களிடம் குறை சொல்லிப் பழக்கம் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் முதலில் மறுக்கத்தான் செய்வார்கள். அடுத்து, விட்டுப்போன உங்கள் முறைக்கு ஈடு செய்யுங்கள். அம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துவர முடிந்தால் அழைத்து வாருங்கள். முடியாத நிலையென்றால் நீங்கள் நாகப்பட்டினத்தில் போய்த் தங்குங்கள். அக்கா எங்கேயாவது போய் வரட்டும், அல்லது வீட்டிலேயே தூங்கட்டும். எத்தனை நாள் என்பதை அவர் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு லைடனைப் பற்றி எழுதிய அந்த அரைப் பக்கத்தை எடுங்கள். அக்காவுக்கு என்றே எழுதியதுபோல் உங்கள் நோட்டில் இருப்பது அதுதான். குழுவுக்குப் போகாமல் நின்றதும் அதுதான். 21 செப்பேடுகள், ஏறத்தாழ 30 கிலோ எடை. கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜ சோழர் ஆனைமங்கலத்தை வழங்கியதைச் சொல்பவை. லைடனில் நெடுங்காலம் இருந்தவை. அக்கா குடியிருக்கும் ஊர் 1658 முதல் 1781 வரை நெதர்லாந்துக்காரர்களான ஒல்லாந்தர் கையில் இருந்தது, அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. நீங்கள் கண்டுவந்த நாட்டின் ஒரு முனை அவர் ஊரிலேயே கிடக்கும்போது, அவர் கேட்பவராக மட்டும் இருக்க மாட்டார். உங்களுக்குத் தெரியாத எதையாவது அவர் சொல்லக்கூடும். ஒரு எச்சரிக்கை: அம்மா பேச்சைத் தவிர்க்க இதை முன்னால் கொண்டுபோனால் அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் யார் பார்த்தார்கள் என்று தொட்டுப் பார்த்தீர்கள் அல்லவா? பராஷ், ஸாபர்மன், டீல் ஆகிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பிறருக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்தவர்கள், தம் நினைவுக்காக எடுத்தவர்களைவிட அந்த அனுபவத்தைக் குறைவாகவே ரசித்தார்கள். நம்மைப் பற்றிப் பிறர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அங்கேயே, அப்போதே தொடங்கிவிடுகிறது. லைடனில் நீங்கள் படம் எடுக்கவில்லை, எழுதினீர்கள். உங்கள் கடிதத்திலேயே உயிரோடு இருக்கும் இடங்கள் அதுவும் அந்தக் கொக்கியும்தான்.

இனி மகள். பிறர் நோட்டைப் படிப்பது சரியில்லை. அதைப் பெரிதாக்கி இப்போது ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதில் எனக்குக் குறை தெரியவில்லை. வகுப்பறையையும் வீட்டையும் நடத்தியவர், இன்னொருவர் வீட்டில் வேலையும் அதிகாரமும் இல்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எளிதன்று. வாயால் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். தாளில் சொன்னீர்கள். ஆனால் மகளின் இடத்தில் நின்றும் பாருங்கள். தன் வீட்டில் தன் அம்மா தினமும் தன்னைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்று ஒரு மாலையில் தெரியவருகிறது. அதே அம்மா படங்களைத் தினமும் உறவினருக்கு அனுப்புகிறார். நோட்டும் ஒருநாள் அந்த வழியே போய்விடுமோ என்ற பயம் வராதா? குழந்தையின் படத்தைத் தடுத்தது அந்த வாரமே என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

படம் பற்றி விவாதமே வேண்டாம். குழந்தையின் படம் எங்கே போகலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவனுடைய பெற்றோர். ஏற்கெனவே போட்டவற்றில் உங்களால் நீக்க முடிந்ததை நீக்கிவிட்டு, நீக்கியதாக அவளிடம் ஒரு வரி சொல்லுங்கள். உறவினர்களிடம் அதற்கு விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

"இதெல்லாம் எதற்கம்மா எழுதுகிறாய்?" என்று அவள் கேட்டதைக் கண்டனமாகவே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அது கேள்வியாகவும் இருக்கலாம். பதில் சொல்லுங்கள். அங்கே உங்களுக்கு ஒன்றும் செய்ய இல்லாமல் இருந்தது கஷ்டமாக இருந்தது, அவளிடம் சொல்லத் தெரியாமல் எழுதினீர்கள் என்று இரண்டு வாக்கியம் போதும். அவளும் கணவரும் பேசாமலிருந்த நாட்களைப் பற்றி விசாரிக்காதீர்கள், சமாதானப்படுத்தவும் முயலாதீர்கள். அவளே பேசினால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்கு வருவோம். நோட்டை அப்படியே அச்சகத்துக்குக் கொடுக்கக் கூடாது, தட்டச்சு செய்யக்கூட. அச்சகக்காரர் நெருங்கிய உறவு என்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும். நீங்கள் ஊரைப் பார்த்து எழுதிய பக்கங்களை மட்டும் வேறு நோட்டில் உங்கள் கையால் படியெடுங்கள். கொக்கியும் செப்பேடும் அதில் கட்டாயம் இருக்கட்டும். டியூலிப்பில் கணிசமாகக் குறைத்துக்கொள்ளலாம். மகள் வீட்டுக் கதவுக்கு உள்ளே நடந்த எதுவும் அதில் வேண்டாம், புகழ்ந்து எழுதியதும் வேண்டாம். படியெடுத்ததை அவளுக்கு அனுப்பி, எதை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று சொல்லுங்கள். அவள் அடித்ததை ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். மூல நோட்டு உங்கள் பீரோவில் இருக்கட்டும், கிழிக்கத் தேவையில்லை. அவள் படித்து முடிக்கவும் நீங்கள் நாகப்பட்டினம் போய்த் தங்கித் திரும்பவும் நாளாகும். திருமண நாளுக்குள் புத்தகம் வராமல் போகலாம். அடுத்த ஆண்டும் திருமண நாள் வரும் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள்.