தமிழ் ‘கல்’லுக்கும் இந்தி ‘கல்’லுக்கும் உறவு உண்டா?

குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் வட மாநிலத்தவர் பேச்சில் ‘கல்’ அடிக்கடி வரும். அது நம் கல்லா என்பதுதான் கேள்வி.

இல்லை. இந்தியில் ‘கல்’ என்றால் நேற்று, நாளையும் அதுவேதான்! எந்த நாள் என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். (கடன் வாங்கியவருக்கு வசதியான சொல்.) விடியலைக் குறிக்கும் ‘கல்ய’ என்ற சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து அது வந்தது. நம் கல்லோ திராவிட வேர்.

உறவில்லாத மொழிகளில் ஒரே ஒலி வேறு பொருளில் வருவது பெரும்பாலும் தற்செயல். பொருளுக்கும் ஒலிக்கும் இயற்கையான கட்டு கிடையாது. தன்னைக் கல் என்று கூப்பிடும்படி எந்தப் பாறையும் கேட்கவில்லை. ஒரு மொழி கையாளும் ஒலிகளோ சில டஜன்தான். ஆகவே குட்டிச் சொற்கள் மோதிக்கொள்ளும்: இந்தியில் ‘பல்’ நொடிப்பொழுது, ‘புல்’ பாலம். நீண்ட சொற்களில் இது அபூர்வம். ஊட்டியிலும் 12ஆம் எண் வீடு உண்டு, கொடைக்கானலிலும் உண்டு. அதனால் இரு வீட்டாரும் பங்காளிகள் ஆகிவிடுவதில்லை.

ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. இது சற்று வேறு கதை: குழந்தையின் வாயில் முதலில் எழும் உதட்டொலியை பல மொழிகள் ஓர் உறவினருக்குச் சூட்டிவிடுகின்றன.

ஒலி ஒத்தாலே ஒரே வேர் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அது போதாது. ஆனால் தமிழுக்கு உறவான நீலகிரிப் படுக மொழியில் ‘கல்லு’ என்றால் கல்லேதான். தோடர், கோத்தர் மொழிகளிலும் கிட்டத்தட்ட அப்படியே. ஒலியும் பொருளும் சேர்ந்து, பல சொற்களில் ஒரே ஒழுங்கில் ஒத்துப்போனால்தான் அது உறவு.