நுவரெலியாக் குளிருக்கு ஒரு பற்றறி காணுமா?

கேள்வி (சுன்னாகம் வாசகர் ஒருவர்): கப் வாகனத்தின் பின்னால் கொளுவுகிற சின்ன ரெயிலர் வீடு ஒன்று தகரத்தில் செய்விக்கிறேன். நீளம் 3 மீற்றர், அகலமும் உயரமும் 1.8 மீற்றர். கூரையில் 200 வாற் சோலார் பனல், உள்ளே 12 வோல்ற் 100 ஆம்பியர் அவர் லிதியம் பற்றறி. தை மாதம் மனைவி, நாலு வயது மகளோடு நுவரெலியா போய் மூன்று இரவு தங்க எண்ணம். நிறுத்தும் இடத்தில் கரண்ட் இல்லை. 1000 வாற் ஹீற்றரை இன்வேட்டரில் போடலாமா, காஸ் ஹீற்றர் நல்லதா, இல்லாவிட்டால் இணையத்தில் விற்கிற டீசல் ஹீற்றரை எடுப்பதா?

பதில்: இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். அந்தக் காசை முதலில் சுவரில் போடுங்கள்.

22 பாகைக்கே மப்ளர் கட்டுகிற ஆக்கள் நாங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் 9, 10 பாகை அங்கே வழமை. வானம் வெளித்த இரவென்றால் 4, 5 வரைக்கும் இறங்கும். உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு. ஆனாலும் இது கனடாக் குளிர் இல்லை. அங்கே ரெயிலரில் இருப்பவர்கள் காட்டுகிற காணொளிகளைப் பார்த்துச் சாமான் வாங்கினால் தேவைக்கு மேலே செலவழிப்பீர்கள்.

நீங்கள் சொன்ன அளவுக்கு ரெயிலரின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 28 சதுர மீற்றர் வரும். வெறும் தகரம் என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் 10 பாகை வித்தியாசம் வைத்திருக்க 1500 வாற் அளவு வெப்பம் இடைவிடாமல் தேவை. ஓட்டைப் பட்டையால் துலா இறைக்கிற வேலை அது. அதே தகரத்துக்குள் சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் 25 மில்லிமீற்றர் ரெஜிபோம் (ரீவி பெட்டிக்குள் வருகிற பாரமில்லாத வெள்ளைப் பலகை) வைத்து மேலே பிளைவூட் அடித்தால் 350 வாற் போதும். காற்றோட்டத்தால் போகிற வெப்பத்துக்கு இன்னொரு 60 வாற் சேருங்கள்.

படுத்திருக்கிற ஒரு பெரிய ஆளின் உடம்பு 70 வாற் அளவு வெப்பத்தை விடும். நீங்கள் இரண்டு பேரும் மகளுமாக 180 வாற். ஆகவே ரெஜிபோம் அடித்த ரெயிலர் எந்த ஹீற்றரும் இல்லாமலே வெளியைவிட 4 பாகை சூடாக நிற்கும். வெளியே 9 என்றால் உள்ளே 13. அந்த 13இல் தடித்த போர்வையோடு வடிவாக நித்திரை கொள்ளலாம். சித்திரை வெயிலில் சுன்னாகத்தில் நிற்கும்போதும் அதே ரெஜிபோம்தான் உங்களைக் காப்பாற்றும். உண்மையில் வருசத்தில் கூடுதலான நாளுக்கு அதன் பயன் அந்தப் பக்கந்தான்.

ஒட்டும்போது மூன்று விசயம் கவனியுங்கள். தளபாடத்துக்குப் பூசுகிற, தின்னர் மணக்கிற பசை ரெஜிபோமைக் கரைத்துவிடும். அதற்கென்றுள்ள பசையைக் கேட்டு வாங்குங்கள். வயர்களை ரெஜிபோமில் நேரே படவிடாதீர்கள். நாட்பட வயரின் பிளாஸ்ரிக் உறை இறுகி வெடிக்கும், ஆகவே குழாய்க்குள்ளால் இழுக்கச் சொல்லுங்கள். ரெஜிபோம் கெதியாக நெருப்புப் பிடிக்கிற சாமான் என்பதால் ஓரிடத்திலும் பிளைவூட் இல்லாமல் வெளியே தெரியக்கூடாது. யன்னல் கண்ணாடிக்கு அளவாக வெட்டிய ஒரு தடுப்பு இரவில் போடக் காணும்.

அடுத்தது பற்றறி. உங்களுடையதில் முழுதாக நிரம்பினால் 1.28 யூனிற், மின்சார சபை பில்லில் வருகிற அதே யூனிற். 1000 வாற் ஹீற்றர் அதை இன்வேட்டர் இழப்போடு ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் குடித்துவிடும். பிறகு விடியும் மட்டும் லைற்றும் இல்லை. ஆனால் 12 வோல்ற்றில் நேரே ஓடுகிற சூட்டுப் போர்வை 50 வாற்றுக்குள்தான் இழுக்கும். எட்டு மணித்தியாலம் விடாமல் ஓடினாலும் 0.4 யூனிற். அறையின் காற்றைச் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவது எப்போதும் மலிவு.

மகளுக்கு அந்தப் போர்வை வேண்டாம். அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மின்சூடு கூடாது. சுடுதண்ணிப் போத்தல் இருக்கிறதே! ஒன்றரை லீற்றர் தண்ணீர் 70 பாகையிலிருந்து ஆறும்போது ஏறத்தாழ 60 வாற் மணித்தியாலச் சூட்டைப் படுக்கைக்குள் விடும். அதைச் சுடவைக்க 15 கிராம் காஸ் அளவில் போதும். துவாயால் சுற்றி, அவள் படுக்க முன்னம் மெத்தைக்குள் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கிற நேரத்திலேயே வேலை முடியும்.

பனலை நம்பி மலைக்குப் போகாதீர்கள். மூடுபனி நாளில் 200 வாற் பனல் பேருக்குத்தான் தரும். வாகனத்தின் டைனமோவிலிருந்து ரெயிலர் பற்றறிக்கு 20 ஆம்பியர் டிசி சார்ஜர் ஒன்று பூட்டுங்கள். கண்டி மட்டும் ஏ9 பாதையில் 320 கிலோமீற்றருக்கு மேல், பிறகு கம்பளை, ரம்பொடை ஏற்றம். போய்ச் சேர முன்னமே பற்றறி நிரம்பிவிடும்.

காஸ் ஹீற்றர், மண்ணெண்ணெய் ஹீற்றர், கரிச்சட்டி எதுவும் படுக்கிற இடத்துக்குள் வேண்டாம். இதில் பேச்சுக்கே இடமில்லை. மூடிய இடத்தில் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். புகைக்குழாய் இல்லாத காஸ் ஹீற்றரில் இன்னொரு தொல்லை, ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். மூன்று பேரின் மூச்சிலேயே விடிய யன்னலில் தண்ணீர் வடியும். அதனால்தான் மேலே ஒரு காற்றுத் துவாரமும் கீழே ஒன்றும் எப்போதும் திறந்திருக்க வேண்டும், குளிர்ந்தாலும்.

டீசல் ஹீற்றர் கெட்ட சாமான் இல்லை. எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே விடுவதால் ஒழுங்காகப் பூட்டினால் உள்ளே புகை வராது. இரவுக்கு ஒரு லீற்றர் டீசல் மட்டில் போகும், கரண்டும் கொஞ்சம்தான். ஆனால் 2 கிலோவாற் ஹீற்றரை ஆகக் குறைத்து வைத்தாலும் 800 வாற் அளவு தரும். உங்களுக்கு வேண்டியது அதில் கால்வாசி. குறைத்தே ஓட்டினால் கரி அடைக்கும். போதாததற்கு நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சுன்னாகத்தில் நீலமாக எரிந்தது அங்கே கரும்புகை கக்கும், டீசல் அளவைக் குறைத்துச் செற் பண்ணாவிட்டால். பிறகு எப்போதாவது வாங்கினால், படுக்க முன்னம் அரை மணித்தியாலம் கூட்டி ஓட்டி நிறுத்துங்கள். அதன் சுவிச்சிலேயே நிறுத்த வேண்டும். பற்றறியைக் கழற்றினால் ஆறாமல் உள்ளே கருகும்.

எதைச் செய்தாலும் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றை வாங்கித் தலைமாட்டு உயரத்தில் பூட்டுங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற எண்ணமும் இருந்தால், அது 2,100 மீற்றர் உயரம், தையில் இரவு பூச்சியத்தை எட்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அதற்குள் இரவு தங்க முடியாது. பகலில் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கு இறங்கிவிடுங்கள்.