மைக்கைக் கண்டால் மேனேஜருக்கு ஏன் வாய் நீள்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: கால்பந்து

இங்கிலீஷ் பிரீமியர் லீக் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்டத்தைப் பற்றியே இல்லை. யார் லேட்டாக வந்தார், யாரை வெளியே உட்கார வைத்தார்கள், மேட்ச் முடிந்ததும் மேனேஜர் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) மைக்கில் என்ன சொன்னார், இதுதான். சரி, அதையே பேசுவோம்.

கேள்வி: வீரர் சரியாக ஆடவில்லை என்றால் மேனேஜர் அதை வெளிப்படையாகச் சொல்வதில் என்ன தப்பு? கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாலு வார்த்தை கேட்டால் கரைந்தா போய்விடுவார்கள்?
– மதுரை வாசகர்

பதில்: ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் தப்பே இல்லை. ஆளைப் பற்றிச் சொல்லும்போதுதான் சிக்கல். 2017 ஏப்ரல் 4, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டும் எவர்ட்டனும் மோதிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுனைடெட் 0-1 என்று பின்தங்கியிருந்தது. யுனைடெட் டிஃபெண்டர் லூக் ஷா இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். கூடுதல் நேரத்தில் அவர் அடித்த பந்தை எவர்ட்டனின் ஆஷ்லி வில்லியம்ஸ் கையால் தடுக்க, அவருக்குச் சிவப்பு அட்டை, யுனைடெட்டுக்குப் பெனால்டி. இப்ராஹிமோவிச் அதைக் கோலாக்கினார், ஆட்டம் 1-1. அதாவது தோல்வியிலிருந்து காப்பாற்றியதே ஷாவின் ஷாட்தான். மேட்ச் முடிந்து வந்த யுனைடெட் மேனேஜர் மொரின்யோ சொன்னது என்ன? பையன் நன்றாகத்தான் ஆடினான், ஆனால் உடம்புதான் அவனுடையது, மூளை என்னுடையது. என் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான், எல்லா முடிவையும் நானே அவனுக்காக எடுத்தேன் என்றார். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு கால் இரண்டாக முறிந்து மீண்டு வந்திருந்த 21 வயதுப் பையனைப் பற்றிய பேச்சு இது.

இதில் திருத்திக்கொள்ள ஷாவுக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? ஏறிப்போனபின் திரும்பி வரவில்லை என்றால் நாளைக்கு வரலாம். மூளை இல்லை என்றால் என்ன செய்வது? இப்படிப் பேசும் மேனேஜர் பெரும்பாலும் வீரரிடம் பேசவில்லை என்பது என் கணிப்பு. அவர் நிர்வாகத்துக்கும் கேலரிக்கும் பேசுகிறார்: "பாருங்கள், என் மேல் குற்றமில்லை, எனக்குக் கிடைத்த சரக்கு இவ்வளவுதான்."

ஷா என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2018-19 சீசனில் யுனைடெட் ரசிகர்கள் அவரைத்தான் வருடத்தின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2021 ஜூலை 11, வெம்பிளியில் யூரோ இறுதிப் போட்டி. இங்கிலாந்துக்காக ஆடி, இத்தாலிக்கு எதிராக 1 நிமிடம் 57 வினாடியில் கோல் அடித்தார். யூரோ இறுதிப் போட்டிகளில் அதுவரை அவ்வளவு சீக்கிரம் யாரும் அடித்ததில்லை. அந்த மூளை யாருடையது என்று மொரின்யோவைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் தண்டனையே கூடாது என்கிறீர்களா? வீட்டில் பிள்ளைக்குச் செல்லம் கொடுப்பது போல இருக்கிறதே!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, அப்படிச் சொல்லவே இல்லை. தண்டனை தாராளமாகக் கொடுக்கலாம், சுற்றி நடக்கும் கச்சேரிதான் வேண்டாம். 2022 டிசம்பர் 31, வுல்வ்ஸ் மைதானம். அப்போது நல்ல ஃபார்மில் இருந்த ராஷ்ஃபோர்டை அன்றைய யுனைடெட் மேனேஜர் எரிக் டென் ஹாக் பெஞ்சில் உட்கார வைத்தார். காரணம் கேட்டதற்கு அணிக்குள் ஒழுங்கு விஷயம், எங்கள் விதி என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். பாதி நேரத்தில் ராஷ்ஃபோர்டை இறக்கினார், 76வது நிமிடம் அவரே கோல் அடித்தார், 1-0. மேட்சுக்குப் பிறகு டிவிக்காரர்களிடம் தூங்கிவிட்டேன், மீட்டிங்குக்குக் கொஞ்சம் லேட் ஆகிவிட்டது என்று சொன்னது யார்? ராஷ்ஃபோர்டேதான். மேனேஜர் வாயை மூடிக்கொண்டதால் வீரர் தானாக வாயைத் திறந்தார். அந்த சீசனில் எல்லாப் போட்டிகளிலுமாக 30 கோல் அடித்தார்.

கேள்வி: அதே டென் ஹாக்தானே சாஞ்சோவை ஒழித்தார்? யார் பக்கம் தப்பு?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: இரண்டு பக்கமும். ஆனால் தொடங்கி வைத்தவர் மேனேஜர்.

2023 செப்டம்பர் 3, அர்செனலிடம் 1-3 தோல்வி. யுனைடெட் வீரர் சாஞ்சோ ஏன் அணியிலேயே இல்லை என்று கேட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு சொன்ன அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பயிற்சியில் அவர் ஆட்டம் போதவில்லை, யுனைடெட்டில் தினமும் ஒரு தரத்தைத் தொட வேண்டும் என்று போட்டு உடைத்தார். தோற்ற எரிச்சல் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கே சாஞ்சோ சமூக வலைத்தளத்தில் பதிலடி கொடுத்தார்: படிப்பதையெல்லாம் நம்பாதீர்கள், உண்மையில்லாததைச் சொல்ல விடமாட்டேன், ரொம்ப நாளாக நான்தான் பலியாடு. பிறகு அதை நீக்கினார், ஆனால் அதற்குள் ஊரெல்லாம் படித்துவிட்டது.

செப்டம்பர் 14 அன்று கிளப் அறிக்கை விட்டது. ஒழுங்கு விவகாரம் தீரும்வரை அவர் முதல் அணியோடு பயிற்சி செய்யமாட்டார். முதல் அணியின் சாப்பாட்டுக் கூடத்துக்குள்கூட அனுமதி இல்லை என்று அப்போது செய்திகள் வந்தன. 7 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய ஆளை இப்படி ஓரங்கட்டி நாலு மாதம் வைத்திருந்து, 2024 ஜனவரியில் பழைய கிளப்பான டார்ட்மண்டுக்கே லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பினார்கள். அங்கே போய் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி முதல் ஆட்டத்தில் பாரிஸ் வீரர்களை அவர் டிரிப்ளிங் செய்து கடந்த விதத்தைப் பார்த்தவர்கள் (நள்ளிரவு தாண்டியும் கண்விழித்து உட்கார்ந்தவர்களைச் சொல்கிறேன்) மறக்கமாட்டார்கள். டார்ட்மண்ட் வெம்பிளி இறுதிவரை போனது, ரியல் மாட்ரிட்டிடம் 0-2 தோற்றது. அதே சீசனில் யுனைடெட் சாம்பியன்ஸ் லீக்கில் குரூப்பிலேயே கடைசி.

இதனால் சாஞ்சோ பயிற்சியில் ஒழுங்காக இருந்தார் என்று ஆகிவிடாது. அவர் பிறகு செல்சீக்கு லோனில் போனபோது, சீசன் முடிவில் அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளாமல் 50 லட்சம் பவுண்டு அபராதம் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அவர் பதிவு போட்டது தப்பு என்று சொல்லும் நாம், மேனேஜருக்குப் பேச மைக் இருந்தது, வீரருக்கு ஃபோன்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஃபெர்குசன் காலத்தில் இதெல்லாம் நடக்குமா சார்?
– யுனைடெட் ரசிகர், கோயம்புத்தூர்

பதில்: இதை விடப் பெரிசெல்லாம் நடந்திருக்கிறது. 2003 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் அர்செனலிடம் தோற்ற கோபத்தில், அப்போது யுனைடெட் மேனேஜராக இருந்த ஃபெர்குசன் டிரெஸ்ஸிங் ரூமில் கிடந்த பூட்டை எட்டி உதைக்க, அது பறந்துபோய் பெக்கமின் கண்ணுக்கு மேல் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் பெக்கம் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். ஆனால் மனுஷர் நாலு சுவருக்குள் எவ்வளவு கத்தினாலும் வெளியே தன் ஆளைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கமாட்டார். 1995 ஜனவரியில் கான்டோனா செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ரசிகர் ஒருவர் மேல் பாய்ந்து குங்ஃபூ உதை விட்டார். எட்டு மாதம் தடை, 120 மணி நேரம் சமூகசேவை. இங்கிலாந்தே அவரைத் துரத்தச் சொன்னபோது ஃபெர்குசன் கைவிடவில்லை. அதே ஃபெர்குசனின் கேப்டன் ராய் கீன் 2005இல் கிளப்பின் சொந்த டிவிக்குக் கொடுத்த பேட்டியில் சக வீரர்களைக் கிழித்துத் தொங்கப்போட்டபோது, அதை ஒளிபரப்பவே விடாமல் நிறுத்தினார்கள். நவம்பரில் கீன் வெளியே. 12 வருஷ உழைப்பு என்றெல்லாம் பார்க்கவில்லை.

ஆனால் "ஃபெர்குசன் தண்டித்தால் சரியாகத்தான் இருக்கும்" என்ற பக்தி எனக்கு இல்லை. 2011 டிசம்பர் 26 அன்று விகனை 5-0 என்று அடித்துவிட்டு அன்றிரவு வெளியே போனதற்காக ரூனிக்கு அபராதம் போட்டு, அடுத்து வந்த பிளாக்பர்ன் ஆட்டத்தில் அவரை நீக்கினார். தேதி டிசம்பர் 31, ஃபெர்குசனுக்கு அன்று 70வது பிறந்தநாள். பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்த பிளாக்பர்ன் ஓல்ட் டிராஃபோர்டில் வந்து 3-2 என்று ஜெயித்துவிட்டுப் போனது. சீசன் முடிவில் யுனைடெட்டும் மான்செஸ்டர் சிட்டியும் தலா 89 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கோப்பை சிட்டிக்கு. ரூனி ஆடியிருந்தால் ஜெயித்திருப்பார்களா? யார் கண்டது. ஆனால் அந்த ஒரு சனிக்கிழமையை நினைத்தால் இன்றும் வயிறெரியும் யுனைடெட்காரர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர் இருக்கிறார்கள்.

அதே சீசனில் பக்கத்து வீடான சிட்டியில் நடந்ததையும் பாருங்கள். 2011 செப்டம்பர் 27, முனிச்சில் பயர்னுக்கு எதிரான ஆட்டத்தில் டெவெஸ் இறங்க மறுத்தார் என்று மேனேஜர் மான்சினி கொதித்தார், என்னைப் பொறுத்தவரை இவன் கதை முடிந்தது என்று மைக்கிலேயே அறிவித்தார். மறுக்கவில்லை, மறுபடி வார்ம்-அப் செய்யத்தான் மாட்டேன் என்றேன் என்பது டெவெஸ் தரப்பு. பிறகு அனுமதி இல்லாமல் அர்ஜென்டினா போய் உட்கார்ந்துகொண்டார். பிப்ரவரியில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். கோப்பை கைநழுவும் போல இருந்தது, மான்சினியும் சொன்னதை விழுங்கினார். மார்ச்சில் செல்சீக்கு எதிராக இறங்கி நஸ்ரியின் வெற்றி கோலுக்குப் பாஸ் கொடுத்தார் டெவெஸ், ஏப்ரலில் நார்விச்சுக்கு எதிராக ஹாட்ரிக். அதில் ஒரு கோலுக்கு கோல்ஃப் மட்டை சுழற்றுவது போல நடித்துக் காட்டினார், லீவில் எங்கே இருந்தேன் பாருங்கள் என்கிற மாதிரி! கொழுப்புதான், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

கேள்வி: ஐந்து மஞ்சள் அட்டைக்குத் தடை என்கிறார்கள், சில பேர் ஆறு வாங்கியும் ஆடுகிறார்களே?
– கல்லூரி மாணவர், சிவகாசி

பதில்: அணியின் முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் ஐந்து வாங்கினால்தான் ஒரு ஆட்டத் தடை. அந்த எல்லையை நான்கோடு தாண்டிவிட்டால் அடுத்த கணக்கு பத்துக்குத்தான்: 32 ஆட்டங்களுக்குள் பத்து என்றால் இரண்டு ஆட்டம். பதினைந்து என்றால் மூன்று.

கேள்வி: மேனேஜர் மொத்த டீமையும் சேர்த்துத் திட்டினால்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். 2015 டிசம்பர் 14, நடப்பு சாம்பியன் செல்சீ லெஸ்டரிடம் 1-2 தோற்றதும், என் உழைப்புக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்றார் அப்போது செல்சீ மேனேஜராக இருந்த மொரின்யோ. 17ஆம் தேதி வேலை போனது. 2023 மார்ச் 18, கடைசி இடத்தில் இருந்த சவுத்தாம்டனுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த டாட்டனம் கடைசிக் கால் மணி நேரத்தில் இரண்டு கோல் வாங்கி 3-3 என்று முடித்தது. அதன் மேனேஜர் அன்டோனியோ கான்டே உட்கார்ந்து சுயநலக்காரர்கள் என்று வீரர்களையும், இருபது வருஷமாக ஒரே முதலாளி, ஒன்றும் ஜெயித்ததில்லை, ஏன் என்று நிர்வாகத்தையும் ஒரே மூச்சில் வாங்கு வாங்கென்று வாங்கினார். சொன்னதில் பாதி உண்மை, அது வேறு விஷயம். எட்டு நாளில் கிளம்பினார்.

கேள்வி: ராஷ்ஃபோர்டு சோம்பேறி. ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா?
– சென்னை வாசகர்

பதில்: ஒத்துக்கொள்ளமாட்டேன். 30 கோல் அடித்த அடுத்த சீசனில் 8தான் அடித்தார் என்பது ஃபார்ம். கால் ஓடவில்லை என்றால் மனசே கெட்டது என்று முடிவு கட்டுவது நம் பழக்கம், கிரிக்கெட்டிலும் இதையேதான் செய்கிறோம். 2024 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் போய் இரவு விடுதியில் இருந்துவிட்டுப் பயிற்சிக்கு வராமல் போனது ஒழுங்கு. அதற்கு தண்டனை சரி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

டென் ஹாக்குக்கு அடுத்து மேனேஜராக வந்த அமோரிம் செய்தது இன்னும் மோசம். 2025 ஜனவரியில் ஃபுல்ஹாமை 1-0 என்று ஜெயித்த அன்று, தினமும் முழுசாக உழைக்காத வீரனைப் போடுவதை விட விதாலைப் போடுவேன் என்றார். விதால் யார் தெரியுமா? 63 வயது கோல்கீப்பர் பயிற்சியாளர். பத்திரிகைக்காரர்களுக்குத் தலைப்பு கிடைத்தது. விற்க நினைக்கும் வீரரை, சரக்கு சரியில்லை என்று கடைக்காரரே கூவிவிட்டு, பிறகு விலை படியவில்லை என்றால் எப்படி? சில நாளில் ஆஸ்டன் வில்லாவுக்கு லோன், அதன்பிறகு பார்சிலோனாவுக்கும் லோன்.

கேள்வி: ஒருமுறை மைக்கில் அடிபட்டவர் மீளவே முடியாதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: ஷா மீண்டார். கிரானிட் ஷாக்கா ரசிகர்கள் கூவியதற்குச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வெளியேறி, 2019இல் அர்செனல் கேப்டன் பதவியை இழந்து, பிறகு அதே மைதானத்தில் கைதட்டல் வாங்கி, லெவர்கூசன் போய் ஒரு தோல்விகூட இல்லாமல் ஜெர்மன் லீக் ஜெயித்தார். சிட்டி வீரர் கால்வின் ஃபிலிப்ஸ் மீளவில்லை. 2022 உலகக் கோப்பை முடிந்து வந்தவரை எடை கூடி வந்திருக்கிறார் என்று அவருடைய மேனேஜர் குவார்டியோலா வெளியே சொல்லிவிட்டார். அது தன் தன்னம்பிக்கையைப் பாதித்தது என்று ஃபிலிப்ஸ் பிற்பாடு சொன்னபோது, குவார்டியோலா 2024 ஏப்ரலில் மன்னிப்புக் கேட்டார். கேட்டது பெரிய மனசு. ஆனால் அதற்குள் ஃபிலிப்ஸ் லோனில் வெஸ்ட் ஹாமில் இருந்தார்.

கேள்வி: நான் லிவர்பூல். க்ளாப்பும் சலாவும் கோட்டோரத்தில் சண்டை போட்டார்களே, அதைப் பற்றி?
– திருச்சி வாசகர்

பதில்: 2024 ஏப்ரல் 27, வெஸ்ட் ஹாம் ஆட்டம், 2-2. சலா மாற்று வீரராக இறங்க நிற்கும்போது அன்றைய லிவர்பூல் மேனேஜர் க்ளாப்போடு வாக்குவாதம், சக வீரர் நூன்யெஸ் இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. வெளியே வரும்போது, இன்றைக்கு நான் வாயைத் திறந்தால் தீப்பற்றும் என்று சொல்லிவிட்டுப் போனார் சலா. க்ளாப் பிறகு நடந்த பிரஸ் மீட்டில் பேசித் தீர்த்தாயிற்று, பிரச்னை இல்லை என்றார், விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. மே 5, டாட்டனம் ஆட்டத்தில் சலாவை முதல் பதினொன்றில் இறக்கினார். லிவர்பூல் 4-2 என்று ஜெயித்தது, முதல் கோல் சலா.