சிறு ஒயின் ஆலைகளும் சுவைத்தறியும் முறையும்: கேள்வி பதில்

பகுதிவாரி ஒயின்களைச் சுவைப்பது குறித்தும், அவற்றைத் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்குச் சென்று வருவது குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே பொருளுடையவற்றை ஒன்றாக்கி இங்கே விடையளிக்கிறேன். வேதியியல் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. அறுவடைக் காலங்களில் கூடை சுமந்தும் மற்ற நாள்களில் கோப்பை ஏந்தியும் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, முதன்முறையாக ஓர் ஒயின் ஆலைக்குச் செல்லவிருக்கிறேன். கோப்பையைக் கையில் கொடுத்தவுடன் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்க நேருமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஊற்றப்படுவது இரண்டு மூன்று வாய் அளவுதான். சுவைப்பதற்கென்றே 1977ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட சர்வதேசத் தரக் கோப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ 215 மில்லி. அதில் 50 மில்லி மட்டுமே ஊற்ற வேண்டும் என்பது முறை. எஞ்சிய இடம் மணத்துக்கு உரியது. கோப்பையைத் தண்டில் பிடித்து, சுழற்றுவதற்கு முன்பே ஒருமுறை முகர்ந்துவிடுங்கள். பிறகு மெல்லச் சுழற்றி மறுபடியும் முகருங்கள். எளிதில் ஆவியாகும் மெல்லிய மணங்கள் முதல் முகர்விலேயே வந்துவிடும். உள்ளே அடங்கிக் கிடப்பவை சுழற்றிய பிறகுதான் எழும். பலர் கோப்பை கைக்கு வந்தவுடனேயே சுழற்றத் தொடங்கிவிடுவதால் அந்த முதல் செய்தியை இழந்துவிடுகிறார்கள்.

வாயில் எடுத்ததை உடனே விழுங்காமல் நாக்கிலும் ஈறுகளிலும் படும்படி உருட்டுங்கள். தாடையோரம் நீர் ஊறினால் அது புளிப்பின் வேலை. தொண்டையில் சூடு தெரிந்தால் அது ஆல்கஹால். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்னும் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து, ஈறு வறண்டு இழுப்பது போன்ற உணர்வைத் தரும். துவர்ப்பு என்று தனிச் சொல்லே உள்ள மொழியில் வளர்ந்த நமக்கு இது பெரிய வசதி. புதிதாகச் சுவைப்போர் பலர் கசப்பையும் துவர்ப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, நல்ல சிவப்பு ஒயினைக் ‘கசக்கிறது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

பிறகு உமிழ்ந்துவிடுங்கள். மேசையில் அதற்கென்று படிக்கம் இருக்கும். உமிழ்வதை எந்த உற்பத்தியாளரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. அவரே ஒவ்வொரு நாளும் அதைத்தான் செய்கிறார்.

கேள்வி: கோப்பையின் உட்சுவரில் துளித்துளியாக வழியும் கோடுகள் தடித்திருந்தால் ஒயின் தரமானது என்கிறார்களே?

பதில்: இல்லை. ஆல்கஹால் நீரைவிட விரைவாக ஆவியாவதால் பரப்பு இழுவிசையில் ஏற்படும் வேறுபாடே அந்தக் கோடுகளுக்குக் காரணம். ஜேம்ஸ் தாம்சன் என்னும் அறிஞர் 1855ஆம் ஆண்டிலேயே இதை விளக்கிவிட்டார். கோடுகளிலிருந்து ஆல்கஹாலின் அளவைப் பற்றி ஏதோ ஊகிக்கலாம். தரத்தைப் பற்றி எதையும் ஊகிக்க முடியாது.

கேள்வி: பெரிய நிறுவனங்களின் ஒயின் கடையிலேயே கிடைக்கும்போது, சிறு ஆலைக்கு மெனக்கெட்டுச் செல்வதில் என்ன இருக்கிறது? அப்படியே சென்றாலும் உரிமையாளரிடம் என்ன கேட்பது?

பதில்: ஆண்டு மாறினாலும் சுவை மாறாமல் பார்த்துக்கொள்வது பெரிய ஆலையின் வேலை, பல தோட்டங்களின் பழங்களைக் கலந்து அதைச் சாதிக்கிறார்கள். அதுவும் ஒரு திறமைதான், நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். சிறு ஆலையில் அந்த ஆண்டின் மழையையும் வெயிலையும் மறைக்க இடமில்லை. பிரான்சின் போர்தோ பகுதியின் வழக்கமான பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். அதிலிருந்து 300 பாட்டில்கள் நிரப்பலாம். பத்துப் பீப்பாய் வைத்திருப்பவரிடம் மொத்தமே மூவாயிரம் பாட்டில்தான். ஒரு பீப்பாய் புளித்துப்போனால் அவருடைய ஆண்டு உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. ஆகவே அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் கோப்பையில் தெரியும். கேட்க வேண்டியதும் அந்த முடிவுகளைப் பற்றித்தான். எந்தப் போட்டியில் எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்பதை அன்று.

எனக்குப் பிடித்த முதல் கேள்வி இது: “பழத்தை ஏன் அந்த நாளில் பறித்தீர்கள், ஏன் ஒரு வாரம் கழித்துப் பறிக்கவில்லை?” பழம் கொடியில் இருக்க இருக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். எனவே ஒரு வாரக் காத்திருப்பு ஒயினின் உடலையே, அதாவது வாயில் உணரும் கனத்தையே, மாற்றிவிடும். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பெரும்பாலான உரிமையாளர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மழை வரும் என்று அஞ்சிப் பறித்தது, ஆள் கிடைக்காமல் மூன்று நாள் தள்ளிப்போனது என்று உண்மைகள் வெளிவரும்.

அடுத்து, பழத்தின் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாக்களைச் செயல்படவிட்டார்களா என்று கேட்கலாம். வெண்ணெய் போன்ற மணம் பெரும்பாலும் அந்த மாற்றத்தின் தடயம். அடியில் படியும் ஈஸ்ட் மண்டியின் மேலேயே ஒயினை எவ்வளவு காலம் விட்டுவைத்தார்கள் என்பதும் நல்ல கேள்வி. மண்டி நீங்கித் தெளிந்ததைத் தேறல் என்று பெயரிட்டுப் போற்றிய மொழி நம்முடையது. ஆனால் லுவார் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய மஸ்கடே பகுதியில், குளிர்காலம் முழுவதும் மண்டியோடு கிடப்பதுதான் அந்த வெள்ளை ஒயினுக்குச் சதைப்பற்றைத் தருகிறது. பிரான்சின் ஜூரா பகுதியில் இன்னும் துணிச்சலான முடிவு ஒன்று உண்டு. பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையும்போது வழக்கமாக மேலே ஊற்றி நிரப்புவார்கள். அங்கே ‘மஞ்சள் ஒயின்’ செய்வோர் நிரப்பாமல் விட்டு, மேற்பரப்பில் ஈஸ்ட் படலம் ஆடைபோல் படரவிட்டு, ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். அந்த ஒயினுக்கென்றே உள்ள பாட்டில் 62 சென்டிலிட்டர் கொள்ளும். ஒரு லிட்டரில் எஞ்சுவது அவ்வளவுதான் என்பார்கள்.

கேள்வி: எந்தப் பருவத்தில் செல்வது நல்லது? அறுவடையைப் பார்க்க வேண்டுமென்று என் மனைவி விரும்புகிறார்.

பதில்: வட அரைக்கோளத்தில் பொதுவாக ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரையும், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையும் அறுவடைக் காலம். பார்க்க மிக அழகான காலமும், உங்களோடு பேச எவருக்கும் நேரமில்லாத காலமும் அதுவே. நிதானமாக உரையாட வேண்டுமானால் கவாத்து முடிந்த பிறகோ, கொடி தளிர்விடும் நாள்களிலோ முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள்.

அறுவடையின்போது சென்றால் ஓர் எச்சரிக்கை: நிலவறைக்குள் யாரும் அழைக்காமல் இறங்காதீர்கள். ஒரு லிட்டர் திராட்சைச் சாறு நொதிக்கும்போது நாற்பது லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயு வெளியேறுகிறது. காற்றைவிடக் கனமான அது தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, மயக்கம் வருவதற்குமுன் போதிய எச்சரிக்கையும் தராது. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இதை இருமுறை படிக்கவும்.

முன்பதிவே தேவைப்படாத இடங்களும் உள்ளன. ஆஸ்திரியாவில் 1784ஆம் ஆண்டு இரண்டாம் ஜோசப் பேரரசர் பிறப்பித்த ஆணையின் வழிவந்த உரிமையால், தோட்டக்காரர்கள் தங்கள் சொந்த ஒயினைத் தங்கள் வீட்டிலேயே விற்கிறார்கள். வாசலில் பசுமையான பைன் கொத்து தொங்கினால் உள்ளே வரலாம் என்று பொருள். ஜெர்மனியிலும் இத்தகைய வீட்டுக் கடைகள் உண்டு. ஆனால் ஆண்டுக்கு நான்கு மாதங்களுக்கு மேல் அவற்றைத் திறந்து வைக்க முடியாது.

கேள்வி: பகுதிக்குப் பகுதி சுவை மாறுகிறது என்பது உண்மையா, விளம்பரமா?

பதில்: இரண்டும் கலந்திருக்கிறது. மண்ணின் கனிமம் நேரே நாக்கில் தெரிகிறது என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. ஆனால் மண் நீரை எப்படிப் பிடித்து வைக்கிறது, சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, இரவில் எவ்வளவு குளிர்கிறது என்பவை பழத்தை மாற்றுகின்றன. கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவில் காற்று கடுமையாக வீசுவதால் கொடியைக் கூடைபோல் தரையோடு சுற்றிவிடுகிறார்கள். பழக் கொத்து அந்தக் கூடைக்குள்ளேயே பாதுகாப்பாக விளைகிறது. 1860களில் தொடங்கி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சிக்குத் தீர்வாக, அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். மணலில் அப்பூச்சியால் பரவ முடியாது என்பதால், போர்ச்சுகலின் கோலாரேஷ் பகுதியில் ரமிஸ்கோ என்னும் திராட்சை இன்றும் தன் சொந்த வேரிலேயே நிற்கிறது.

மரபும் மண்ணைப் போலவே வலிமையானது. ஜார்ஜியா நாட்டில் கழுத்துவரை நிலத்தில் புதைத்த க்வெவ்ரி என்னும் மண்தாழியில், வெள்ளைத் திராட்சையையும் தோல், விதையோடு பல மாதங்கள் ஊறவிடுகிறார்கள். அம்முறையை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேன் நிறத்தில் வரும் அந்த ஒயினை முதலில் அருந்துவோர், வெள்ளைத் திராட்சையில் இவ்வளவு துவர்ப்பு எங்கிருந்து வந்தது என்று திகைப்பார்கள்.

கேள்வி: சிறு ஆலையில் வாங்கிய பாட்டிலின் அடியில் கண்ணாடித் துகள் போன்ற படிகங்கள் கிடந்தன. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படிந்துவிடும், தீங்கற்றது. பாட்டிலைச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு மெதுவாக ஊற்றினால் போதும்.

கேள்வி: அண்ணா, உரிமையாளரே ஊற்றிக் கொடுத்த ஒயின் கெட்டிருந்தால் அதை எப்படி அவரிடம் சொல்வது?

பதில்: ஒருமுறை எனக்கே இது நேர்ந்தது. முதியவர் ஒருவர் தம் சிறந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினார். முதல் முகர்விலேயே நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை. இரண்டாம் முகர்வில் அது பாதியாகக் குறைந்தது, மூன்றாவதில் எனக்கே ஐயம் வந்துவிட்டது. மூக்கு அவ்வளவு விரைவில் பழகிவிடும். தக்கையில் உருவாகும் டிசிஏ என்னும் சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பழ மணத்தை அமுக்கிவிடும். காலை முதல் நிலவறையிலேயே இருந்த அவருக்கு அது தெரியவில்லை. “இதே ஒயினின் வேறு பாட்டில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டேன். திறந்தார், முகர்ந்தார், ஒன்றும் சொல்லாமல் முதல் பாட்டிலைப் படிக்கத்தில் கவிழ்த்தார். தக்கையின் பிழை அவருடைய பிழையன்று என்பதால் மனத்தாங்கலுக்கு இடமில்லை. காடியின் நெடியோ நகப்பூச்சின் நெடியோ தூக்கலாக இருந்தால் நிலைமை வேறு. அது ஆலையின் கவனக்குறைவு. அங்கே ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் வாங்காமல் நன்றி கூறி விடைபெறலாம்.

கேள்வி: அங்கே அமிர்தமாக இருந்த ஒயின் வீட்டுக்கு வந்ததும் சாதாரணமாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நிலவறையின் குளிர்ச்சி, நடந்து வந்த களைப்பு, தயாரித்தவர் எதிரே நிற்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சுவை. 2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில், மணமற்ற நிறமி கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினை ஒயினியல் பயிலும் 54 பேர் முகர்ந்து, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். கண்ணே மூக்கை இவ்வளவு ஆட்டிவைக்குமானால் சூழல் என்ன செய்யாது? வீட்டில் ஊற்றும்போது வெப்பநிலையையாவது சரிசெய்யுங்கள்: வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி செல்சியஸ்.

கேள்வி: ஒரு நாளில் எத்தனை ஆலைகளுக்குச் செல்லலாம்? சுவைத்த பிறகு வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: இரண்டு போதும், மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். கட்டணம் செலுத்திச் சுவைத்த இடத்தில் வாங்கும் கடமை இல்லை; ஒருவர் தம் அரைநாளை உங்களுக்காகச் செலவிட்டு இலவசமாக ஊற்றியிருந்தால், ஒரு பாட்டிலாவது வாங்குவதே மரியாதை. மதுவில் முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததையும் நினைவில் கொள்ளுங்கள். உமிழ்ந்தாலும் சிறிதளவு ஆல்கஹால் உடலில் சேரும் என்பதால், வண்டி ஓட்டுபவர் முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்று வாங்கியவற்றில் சிறந்த பாட்டில் அவருக்கு உரியது என்பது எங்கள் குழுவின் நெடுநாள் உடன்படிக்கை. அதனால் வண்டி ஓட்ட எங்களுக்குள் போட்டியே உண்டு.